சமையலுக்குக் குறையில்லை, மெனு படிவத்தில்தான் பாடு

ஆவணி முகூர்த்தத்தில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு கேட்டரிங் அண்ணாச்சியிடம் சாப்பாட்டை விட்டிருந்தோம். சமையலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. மறுவீட்டுக்கு வைத்த சொதியில் தேங்காய்ப்பால் திரியவில்லை, பாசிப்பருப்பு பதமாக வெந்திருந்தது, கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. முன்பெல்லாம் அண்ணாச்சி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இப்போது வெப்சைட்டில் ஒரு படிவம், ஆர்டர் எல்லாம் அதில்தான். நானும் வெப்சைட் செய்து பிழைக்கிறவன் என்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும் என்றால், எந்தெந்த வேளைச் சாப்பாடு என்று கேட்கிற இடம். முந்தின நாள் ராத்திரி, முகூர்த்தக் காலை டிபன், மதியம், மறுவீடு என்று நாலு சதுரக் கட்டம். மேலே ‘வேண்டியதை எல்லாம் டிக் செய்யவும்’ என்று ஒரு வரி. எழுத்தைத் தொட்டாலும் டிக் விழுகிறது, கட்டத்தையே குறிவைத்துத் தொட வேண்டியதில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது ஐட்டம் தேர்வு, வினை இங்கேதான். சாம்பாரிலிருந்து பால்பாயசம் வரை அத்தனையும் ஒரே பெட்டிக்குள். ஒரு நேரத்தில் நாலு வரிதான் கண்ணுக்குத் தெரியும், மீதிக்கு உருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யணும், மேக்காக இருந்தால் கமாண்ட். இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எங்கள் மதினி அவியல், தடியங்காய்க் கூட்டு, இஞ்சித் துவையல் என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய, புதியதைத் தொட்டதும் பழையது போய்விடுகிறது. விஷயத்தைச் சொல்லிக் கொடுத்த பிறகு கடகடவென்று ஒரு முழுப் பந்திக்கே எடுத்துவிட்டார்கள், கடைசியில் அப்பளத்துக்கு வரும்போது கன்ட்ரோலிலிருந்து விரல் நழுவியது, அவ்வளவுதான், அப்பளம் மட்டும் மிச்சம். “என்ன தம்பி இது, பரிமாறின இலைய இழுத்துட்டுப் போன மாதிரில்லா இருக்கு” என்றார்கள்.

இதில் கோளாறு ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. வெப் பக்கங்களை எழுதுகிற எச்டிஎம்எல் மொழியில், 1995-இல் வந்த 2.0 பதிப்பிலேயே இருக்கிற பழைய சங்கதி இந்தப் பெட்டி, பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதே பெட்டியை ஆண்ட்ராய்டு போனில் குரோமில் திறந்தால் டிக் கட்டங்களோடு ஒரு பட்டியலாக விரிகிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகாது. ஆனால் பட்டியலை மூடிய பிறகு என்னென்ன எடுத்தோம் என்பதை ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. கல்யாண மெனுவுக்கு அதுதானே முக்கியம்? பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து “பச்சடி போட்டாச்சா, ரசம் போட்டாச்சா” என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

பக்கம் நீளமாகிவிடும் என்று பயந்துதான் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள் போல. நீளமானால் என்ன? குழம்பு, கூட்டு, பொரியல், இனிப்பு என்று தலைப்புப் பிரித்துக் கட்டங்களாகப் போட்டால் யாரும் கீழே உருட்டிப் போவார்கள். தொடுகிற இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் வெப்சைட்டைப் பயன்படுத்த வழிசெய்கிற, 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் விதியே சொல்கிறது, பெரியவர்கள் விரலுக்கு அதுகூடப் போதாது. எடுத்தவை எல்லாம் ஓரத்தில் ஒரு பட்டியலாகச் சேர்ந்துகொண்டே வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சீர் பலகாரத்துக்கு வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். டைப் செய்து தேடி எடுத்தால் சின்னச் சின்னச் சீட்டாக மேலே நிற்கும். பார்க்க அழகு. ஆனால் தேடல் அவர்கள் வைத்த ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு மட்டும்தான் மசியும். முந்திரிக்கொத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம், தமிழில் அடித்தால் ஒன்றுமே வராது. இதில் நாலு வகைதான் எடுக்கலாம் என்பது ஐந்தாவதாக மனகோலத்தைத் தொட்ட பிறகுதான் தெரிகிறது, அதை முதலிலேயே சொன்னால் என்னவாம்?

‘சேர்க்கக் கூடாதவை’ என்று கேட்டிருப்பது நல்ல யோசனை. வெங்காயம், பூண்டு, முந்திரி, கடைசியில் ‘எதுவும் இல்லை’. டிக் செய்யாத கட்டத்திலிருந்து, படிவத்தை வாங்குகிற சர்வருக்கு ஒன்றுமே போகாது, அதனால் வெறுமையாக விட்டவர் மறந்தாரா, நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று தெரிய இப்படி ஒரு கட்டம் தேவைதான். ஆனால் முந்திரியையும் ‘எதுவும் இல்லை’யையும் சேர்த்து டிக் செய்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்கிறது! ஒன்றைத் தொட்டால் மற்றது விலக வேண்டாமா? முந்திரி ஒத்துக்கொள்ளாத ஆள் பந்தியில் உட்கார்ந்தால் யார் பதில் சொல்வது?

எல்லாவற்றையும்விட மோசம், அனுப்பிய பிறகு வாட்சப்பில் வந்த உறுதிச் செய்தி. மதியச் சாப்பாடு என்று போட்டு, கீழே ‘அப்பளம்’ என்று மட்டும் இருந்தது. அவ்வளவு பாடுபட்டு மறுபடி எடுத்ததெல்லாம் காணோம். சர்வர் பக்கத்து வேலையைப் பிஎச்பி என்கிற மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. படிவத்தின் கோடில் பட்டியலுக்கு வைக்கிற பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி போடாவிட்டால் கடைசியாக உள்ளது மட்டும்தான் கையில் நிற்கும். அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டதும் சிரித்துக்கொண்டே முழு மெனுவையும் நோட்டில் எழுதிக்கொண்டார், மனுஷர் தங்கம்.

சமையலுக்குத் தாராளமாக இவர்களிடம் போகலாம். படிவத்தைச் சரிசெய்கிற வரைக்கும் செல்போனிலேயே திறங்கள், கீழே ‘குறிப்பு’ என்று இருக்கிற கட்டத்தில் மொத்த மெனுவையும் ஒருதடவை டைப் செய்துவிடுங்கள், உறுதிச் செய்தி வந்ததும் ஐட்டம் ஐட்டமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் அனுப்புங்கள்.