முதல் மாரத்தானுக்கு பேசர் குழு எப்படி?

முதல் மாரத்தானை நண்பர்களோடு ஓடுபவர்களுக்கு, அமைப்பாளர்கள் தரும் பேசர் குழு நிச்சயம் உதவும். பேசர் என்பவர் குறித்த நேரத்தில் முடிக்கும்படி, கொடியோடு சீரான வேகத்தில் முன்னால் ஓடுபவர்; குழு அவர் பின்னால் ஓடும். நாங்கள் 5 மணி நேரத்தில் முடிக்கும் பேசரின் கொடியைப் பின்தொடர்ந்தோம். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்துக்குச் சற்று மேல். தொடக்கத்தில் ஆமை வேகமாகத்தான் தெரியும். எங்களில் ஒருவன் பொறுமையிழந்து முன்னால் பாய்ந்தான். 32-ஆவது கிலோமீட்டரில், நடந்துகொண்டிருந்த அவனைத் தாண்டிப் போனோம். தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் (ஓட எரிபொருளாகும் மாவுச்சத்து) பலருக்கும் தீர்ந்துபோகும் இடம் அது, பாவம். பேசரோ 42.195 கிலோமீட்டரும் ஒரே சீராக, கதை பேசிக்கொண்டே ஓடினார். கடிகாரத்தைப் பார்க்கும் வேலையே இல்லை.

குறை ஒன்று: தண்ணீர் மேசையில் மொத்தக் குழுவும் மொய்க்கிறது. தம்ளர் கைக்கு வருவதற்குள் கொடி நகர்ந்துவிடும். அப்புறம், பேசர் துப்பாக்கி நேரத்தை (தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து) கணக்கு வைக்கிறாரா, சிப் நேரத்தையா (ஓடுபவர் அணிந்த சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து) என்று முன்பே கேட்டுவிடுங்கள்.