தீம் பார்க்கில் ரெக்கார்டரோடு ஆறு வருஷம்: கூட்டச் சத்தத்தை எது குறைத்தது, எது குறைக்கவில்லை

ரோலர்கோஸ்டர் வரிசைக்கு எல்லோரும் ஓடும்போது நான் புதரோரமாகப் போய் நிற்பேன். புதருக்குள் ஸ்பீக்கர் இருக்கும். சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பின்னணி இசை உண்டு. அதைப் பதிவு செய்துகொண்டு வந்து வீட்டில் கேட்பதுதான் என் பைத்தியம். 2019 கடைசியில் பிடித்தது, இன்னும் விடவில்லை. ரைடுகளைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த இசையைச் சீண்டுவார் இல்லை. மடகாஸ்கர் பகுதி 2022 மார்ச்சில் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் வந்துவிட்டது. பழைய பகுதியின் சத்தம் இனி எங்கே போய்க் கேட்பது?

என்னிடம் இருக்கும் மடகாஸ்கர் பதிவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 2020 ஜூலையில் பூங்கா மறுபடி திறந்தபோது உள்ளே விடும் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். பதிவுக்கு அதைவிட நல்ல காலம் வராது. நானோ ரெக்கார்டரில் ஆட்டோ லெவலை அணைக்காமல் போயிருந்தேன். ஒரு குழந்தை வீல் என்று கத்தினால் கருவி பயந்துபோய் எல்லாவற்றையும் தணிக்கும், பிறகு மெல்ல ஏற்றும். கேட்டால் இசை மூச்சு வாங்குவதுபோல இருக்கும். இதைச் சரிசெய்ய இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை. அன்று கையால் லெவலை வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் (கருவியின் மேல் வரம்பு 0) தாண்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே இந்தத் தொல்லை வந்திருக்காது. இப்போது ஜூம் எச்1 எசென்ஷியல் என்ற ரெக்கார்டர் வைத்திருக்கிறேன். மெல்லிய ஒலியையும் அலறலையும் ஒன்றுபோலச் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் என்பதால் லெவலைப் பற்றிய கவலையே போய்விட்டது. காதில் மாட்டும் ரோலண்ட் சிஎஸ்-10ஈஎம் மைக்கும் உண்டு. பார்ப்பவர்களுக்கு அது இயர்போன்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் உணர்வை அப்படியே பிடிப்பதுதான் அந்த மைக்கின் வேலை. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

சரி, மென்பொருளுக்கு வருவோம். எல்லோரையும் போல நானும் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரின் நாய்ஸ் ரிடக்‌ஷனில்தான் தொடங்கினேன். சத்தம் மட்டும் இருக்கும் ஒரு துண்டைக் காட்டினால், அதே சத்தத்தை முழுப் பதிவிலிருந்தும் குறைக்கும். பெரிய மின்விசிறியின் உறுமல், ஏசி இரைச்சல் இதற்கெல்லாம் அருமை. கூட்டத்துக்கு உதவாது. விசிறி ஒரே மாதிரி உறுமும். கூட்டம் நொடிக்கு நொடி மாறும். அதோடு பேச்சும் இசையும் ஒரே அலைவரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 12 டெசிபலுக்கு மேல் இழுத்தால் கொப்பரைத் தண்ணீருக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல் ஆகிவிடும். நான் 6-க்கு மேல் போவதில்லை.

அப்புறம் ஏஐ வந்தது. பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் டெமுக்ஸ், ஸ்ப்ளீட்டர் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். வெறும் வாத்திய இசை என்றால் பேச்சும் அலறலும் பெரும்பாலும் குரல் பக்கம் ஒதுங்கிவிடும், அதைத் தூக்கிப்போட்டால் வேலை முடிந்தது. இசையில் கோரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கூட்டச் சத்தத்துக்கென்றே பழக்கிய மாடல்கள் அல்டிமேட் வோகல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளில் கிடைக்கின்றன, அவை இன்னும் மேல். ஆனாலும் ஹெட்ஃபோனில் கேட்டால் பேச்சு இருந்த இடமெல்லாம் பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டை தெரியும்.

உண்மையில் எனக்குக் கைகொடுத்தது கால்தான். ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் இசை 6 டெசிபல் கூடும். சுற்றிலும் பரவியிருக்கும் கூட்டச் சத்தம் அப்படியே நிற்கும். நாலு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் லாபம். எந்த மென்பொருளும் இதை இவ்வளவு சுத்தமாகத் தராது. பாறைக்குள், விளக்குக் கம்பத்தில், கூரையோரத்தில் என ஸ்பீக்கர்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று ஒரு நோட்டே போட்டிருக்கிறேன். இடி வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டம் கடைக்குள் ஒதுங்கும், இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மழை விட்ட முதல் பத்து நிமிஷம் எனக்குப் பொற்காலம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் அந்தப் பக்கமே போவதில்லை.

இரண்டாவது வழி ஒட்டுப்போடுவது. இசை திரும்பத் திரும்ப அதேதான் வருகிறது, கூட்டம்தான் ஒவ்வொரு முறையும் வேறு. ஒரே சுற்றை ஐந்தாறு நாள் பதிவு செய்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு சில நொடிக்கும் எது சுத்தமோ அதை எடுத்துத் தைக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் சுலபம் என்று நினைத்தேன். கணக்குப்படி நாலு பதிவுக்கு 6 டெசிபல் சத்தம் குறைய வேண்டும். குறைந்தது, ஆனால் கூடவே இசையின் கூர்மையும் போனது. ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் நகரும். இன்று நின்ற இடத்திலிருந்து நாளை ஒரு சாண் தள்ளி நின்றாலே உச்ச ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு வேறு ரெக்கார்டர்கள் என்றால் அது தனித் தொல்லை: என்னுடைய இரண்டும் அரை மணி நேரத்தில் 50 மில்லி செகண்ட் விலகிவிடுகின்றன. அதனால் ஒரே கருவி, தரையில் அடையாளம் வைத்த ஒரே ஓடு.

ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். சீனத்திலோ கொரிய மொழியிலோ பேச்சு லேசாக மிஞ்சியிருந்தால் என் காது அதைக் கடந்துவிடுகிறது. தமிழ் மிஞ்சினால் முடியவில்லை. "ஏங்க, இது ஒண்ணும் வேலைக்காகாது, சாப்பிடப் போலாம்" என்று ஓர் அம்மா சொன்னது ஏஐயில் மூன்று முறை சலித்தும் மங்கலாகக் கேட்கிறது. என் மனைவிக்குக் கேட்கவே இல்லையாம்; எனக்கு இசைக்கு முன்னால் அதுதான் கேட்கிறது.

அந்த அம்மா மாட்டியிருப்பது பண்டைய எகிப்துப் பகுதியின் பதிவில். ஏழு நாள் பதிவை ஒட்டியும் அந்தச் சுற்றில் நாற்பது நொடி இன்னும் தேறவில்லை. மற்ற ஆறு நாளும் அதே நாற்பது நொடியில் அலறலோ தள்ளுவண்டியோ வந்து சேர்ந்திருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மத்தியானம் மழை வந்தால் நல்லது.