நிஃப்டியை அமிபுரோக்கரில் சோதித்தால் கணக்கு நிற்குமா?

செட்டிநாட்டுப் பழைய பேரேட்டில் வண்டிக்கூலி முதல் தரகு வரை தனி வரியாக ஏறியிருக்கும். அதற்குப் பிறகுதான் ஐந்தொகை. அமிபுரோக்கர் என்ற பங்குச்சந்தை மென்பொருளில் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் உத்தியைச் சோதிப்பது) ஓட்டுகிறவர்கள் பலர் செலவு வரிகளை விட்டுவிட்டு நேரே ஐந்தொகைக்குப் போகிறார்கள். மென்பொருள் வேகமானது, ஏஎஃப்எல் சூத்திர மொழி இரண்டு வாரத்தில் பிடிபடும். ஆனால் சொன்னதை மட்டுமே செய்யும். சொல்ல மறந்ததைக் கேட்காது.

முதலில் செலவு. 2025-இன் கணக்கை எடுத்துக்கொள்வோம். நிஃப்டி ஃபியூச்சர் (பின்தேதிக்கு விலை பேசும் ஒப்பந்தம்) 25,000, அப்போதைய லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 75, ஆக மதிப்பு 18.75 லட்சம். 2024 அக்டோபர் 1 முதல் அமலாகி அப்போது இருந்த விகிதப்படி விற்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.02 சதவீதம், அதாவது 375 ரூபாய். முத்திரை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இருபக்கமும் 20 ரூபாய் புரோக்கரேஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் சுமார் 540. அதை 75-ஆல் வகுத்தால் ஏழு புள்ளி போயிற்று. வருடம் 100 டிரேடு என்றால் 700 புள்ளி, இன்னும் ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேரவில்லை.

ஸ்லிப்பேஜுக்காக வாங்கும் விலையை 'ஓப்பன் கூட்டல் 2' என்று எழுதுவது வழக்கம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேட்ட விலை அன்றைய ஹை, லோவுக்கு வெளியே போனால் மென்பொருள் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துவிடும். ஓப்பனே ஹையாக முடிந்த நாளில் உங்கள் 2 புள்ளி மாயம். ஆகவே ஃபியூச்சர்ஸ் மோடைப் போட்டு, பாயிண்ட் வேல்யூவாக (ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபாய்) லாட் அளவை வைத்து, ஸ்லிப்பேஜையும் கமிஷனிலேயே ஏற்றுங்கள்: மேலே உள்ள கணக்கில் காண்ட்ராக்டுக்கு ஒரு பக்கம் 270 செலவு, 150 ஸ்லிப்பேஜ், ஆக 420.

அடுத்தது டிலே. குளோஸ் விலையில் சிக்னல் வந்து அதே குளோஸில் வாங்கியதாகக் காட்டினால் அது கனவு வியாபாரம். டிரேட் டிலே 1 (சிக்னலுக்கு அடுத்த பாரில் வாங்குவது), விலை ஓப்பன் என்று வையுங்கள். ஜிக்ஜாக், பீக், ட்ரஃப் என்ற மூன்று ஏஎஃப்எல் கட்டளைகளும் எதிர்கால பாரை (ஒரு நாள் அல்லது நிமிடத்தின் விலைப் பட்டையை) பார்த்துச் சொல்பவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அழகான ஈக்விட்டி வரைபடங்களில் பாதிக்கு இவைதான் காரணம் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

டேட்டா மென்பொருளோடு வராது, தனியே வாங்க வேண்டும். வாங்கியதையும் சலிக்க வேண்டும். சந்தை திறக்கும் முன் தொடக்க விலையைத் தீர்மானிக்கும் ப்ரீ-ஓப்பன் வந்தது 2010 அக்டோபரில். அதற்கு முந்தைய நிஃப்டி ஸ்பாட் (குறியீட்டின் நேரடி மதிப்பு) ஓப்பன் பெரும்பாலும் முந்தைய நாள் குளோஸை ஒட்டியே பதிவானது. பங்குகள் ஒவ்வொன்றாக வர்த்தகமாகும்வரை குறியீடு நகராது. அந்தக் காலத்தில் கேப் (முந்தைய குளோஸுக்கும் இன்றைய ஓப்பனுக்கும் உள்ள இடைவெளி) உத்தியைச் சோதித்தால் கிடைக்காத விலையில் லாபம் காட்டும். 2012 அக்டோபர் 5 அன்று தவறான ஆர்டர்களால் நிஃப்டி 900 புள்ளிக்கு மேல் சரிந்து, மீண்டும் மேலேறியது. அந்த ஒரே லோ ஸ்டாப்லாஸ் கணக்கைப் புரட்டிவிடும். அந்த பாரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தீபாவளியன்று நடக்கும் ஒரு மணி நேர முகூர்த்த வர்த்தகமும் தினசரி டேட்டாவில் முழு பாராக உட்கார்ந்திருக்கும். ஏடிஆர் (விலையின் சராசரி ஏற்ற இறக்க அளவு) கணக்கிடும் முன் அதை நீக்குங்கள்.

ஸ்பாட்டை யாரும் வாங்க முடியாது. தொடர் ஃபியூச்சர் டேட்டாவில் ரோல்ஓவர் (முடியும் ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவது) வித்தியாசத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். நிஃப்டிப் பங்குகளைச் சோதிப்பவர்கள் இன்றைய ஐம்பதை வைத்து 2008-க்குப் போனால் சத்யமும் யெஸ் பேங்கும் பட்டியலிலேயே இருக்காது. தோற்றவை கழிந்த கூட்டம் எப்போதும் ஜெயிக்கும்.

வாக்-ஃபார்வர்ட் வசதிக்காகவே இதை வாங்கலாம். நான்கு வருடத்தில் அளவுருவைத் தேடி, அடுத்த ஒரு வருடத்தில் சோதித்து, நகர்த்திக்கொண்டே போகும். உள்ளே 30 சதவீதமும் வெளியே 4 சதவீதமும் வந்தால் அந்த உத்தியை மூட்டை கட்டுங்கள்.

விண்டோஸில் மட்டும்தான் ஓடும், கைப்பேசியில் தேட வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு நிமிட டேட்டாவை நேரலையில் சேமிப்பவர்கள் பராமரிப்பு மின்தடை நாளின் மாலையில் பேக்ஃபில் (விடுபட்ட டேட்டாவை நிரப்புவது) ஓட்டிவிடுங்கள். ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் நின்றால் சந்தை நேரம் முழுவதும் ஓட்டைதான்.