ஆறு வருடமாக எங்கள் ஆபீஸ் போர்ட்டலோடு

ஆபீஸில் இன்ட்ராநெட் என்று, ஆபீஸ்காரர்கள் மட்டும் பார்க்கும் உள் இணையதளம் (நாங்கள் போர்ட்டல் என்போம்) ஒன்று இருப்பதே சம்பளச் சீட்டு எடுக்கும் நாளில்தான் பலருக்கு ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏதாவது தெரிய வேண்டுமென்றால் பக்கத்து சீட்டில் கேட்பேன். அவருக்கும் தெரியாவிட்டால் இருவருமாக மூன்றாவது ஆளைத் தேடிப் போவோம்.

போர்ட்டலில் தேடாமல் இல்லை. 'லீவு' என்று தட்டினால் ஒன்றும் வராது. அந்தப் பக்கத்துக்கு வைத்திருந்த பெயர் 'பணியாளர் வருகையின்மை மேலாண்மைக் கொள்கை'. எப்படியோ கண்டுபிடித்து உள்ளே போனால் மூன்று ஃபைல்கள்: இறுதி, இறுதி 2, இறுதி புதியது. நான் 'இறுதி 2'ஐ நிரப்பி அனுப்பினேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. படிவம் போன வருடமே மாறிவிட்டதாம்.

அப்புறம் புது டிசைன் வந்தது. முகப்பில் ஓடும் படங்கள், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் சேர்ந்தன. இரண்டு வாரம் எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே 'இறுதி 2' அப்படியே உட்கார்ந்திருந்தது.

உருப்படியான மாற்றம் நான்காவது வருடம்தான் வந்தது, பெரிய செலவில்லாமல். ஐடி பிரிவில் ஒருவர், தேடியும் விடை வராத வார்த்தைகளை மட்டும் பட்டியலாக எடுத்தார். லீவு, வைஃபை பாஸ்வேர்டு, பயணச் செலவு பில் என்று எல்லாம் நாங்கள் வாயால் பேசும் வார்த்தைகள். அவற்றையே தலைப்பாக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் வந்தன. ஆறு மாதம் தொடாவிட்டால் அவருக்கு மெயில் போகும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் பக்கம் தேடலிலிருந்தே மறைந்துவிடும். கொஞ்சம் கறார்தான், ஆனால் அதற்குத்தான் ஆட்கள் அசைந்தார்கள். ஃபைல்களைப் பகிர்ந்து வைக்கும் ஷேர்பாயிண்ட் போன்ற மென்பொருள்கள் ஒரே ஃபைலின் பழைய பதிப்புகளைத் தாமே சேமித்து வைக்கும். பெயரில் 'இறுதி' ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது எங்களுக்கு இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது.

இன்றும் நான் அதிகம் திறப்பது டெலிபோன் டைரக்டரியைத்தான். செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் உலகளாவிய வலை (வெப்) பிறந்த புதிதில் அங்கிருந்தவர்களை அதன் பக்கம் இழுத்ததும் டெலிபோன் டைரக்டரிதான். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் அதற்காக எழுதிய முன்மொழிவில் இருந்ததும் நம்ம ஆபீஸ் புலம்பல்தான்: ஆட்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள், அவர்களோடு தகவலும் போய்விடுகிறது. எங்கள் டைரக்டரியில் 'எதற்கு இவரைக் கேட்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். மற்ற வசதிகள் எல்லாவற்றையும் விட எனக்கு அந்த ஒரு வரி உதவியிருக்கிறது.

குறை இல்லையா? லிங்கைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வரும், யாரிடம் கேட்பது என்று வராது. நல்ல பதில்கள் இன்னமும் சாட்டில் வந்து சாட்டிலேயே புதைகின்றன. ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் போர்ட்டலில் எழுதிவிட்டு லிங்க் அனுப்புவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

அப்படி என் பெயரில் சேர்ந்த பக்கங்கள் ஒன்பது. அவற்றில் நான்குக்கு நேற்று நினைவூட்டல் மெயில் வந்தது. இன்னும் திறந்து பார்க்கவில்லை.