லேத் பட்டறையில் செய்து வாங்கிய எம்42 அடாப்டரும் ட்ரைபாட் பிளேட்டும்: ஒரு மதிப்பீடு

பழைய எம்42 லென்ஸை (42 மி.மீ. மரையால் திருகி மாட்டும் வகை) சோனி மிரர்லெஸ் கேமராவில் மாட்ட ஓர் அடாப்டர். டெலி லென்ஸின் காலுக்கு, ட்ரைபாட் கிளாம்பில் பிடிக்கும் ஒரு ஆர்க்கா பிளேட். இரண்டும் கோவை கணபதிப் பக்கத்துச் சிறு லேத் பட்டறையில் செய்தவை. பம்ப் பாகங்களில் தேர்ந்த கைகள், டர்னிங்கில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் எந்த அளவு உயிரான அளவு என்பதை டிராயிங்கில் நாம்தான் எழுதித் தர வேண்டும்.

லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ., சோனி இ மவுண்ட்டுக்கு 18 மி.மீ. ஆக, அடாப்டரின் உயரம் 27.46. இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் 0.1 முன்னே பின்னே வரும். 0.1 கூடினாலே 28 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் எட்டு மீட்டரோடு நின்றுவிடும், 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மீட்டர். குறைந்தால் கவலையில்லை, இன்ஃபினிட்டி குறிக்குச் சற்று முன்னாலேயே தூரக் காட்சி தெளிந்துவிடும். எனவே 27.40, கூடக்குறைய 0.02 என்று எழுதுங்கள்.

மரைக்கு பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி) 1 மி.மீ. என்று கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். பட்டறை அட்டவணையில் எம்42 என்றால் 4.5; டெலஸ்கோப்காரர்களின் டி2 மரை 0.75. இந்த 0.75-இல் லென்ஸ் ஓரிரு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். லென்ஸையே கையில் கொடுத்து மரை பார்க்கச் சொல்வது நல்லது.

இந்தப் பட்டறையை மெச்ச வேண்டிய இடம் அடுத்தது. ஒரு முகத்தையும் மரையையும் ஒரே பிடிப்பில் முடித்து, மறு முகத்துக்குத் திருப்பும்போது அடாப்டரின் மெல்லிய டியூபை மூன்று ஜா சக்கில் (லேத்தின் மூன்று தாடைப் பிடிப்பானில்) இறுக்கினால் வட்டம் கெடும், முகமும் சாயும். சாய்ந்தால் படத்தின் ஒரு பக்கம் மங்கும். இங்கே அதே மரையில் ஒரு மாண்ட்ரல் (டியூபைத் தாங்கும் தண்டு) கடைந்து, டியூபை அதில் திருகி மறு முகத்தைச் சீவினார்கள். டயல் கேஜில் இரு முகங்களுக்கும் வேறுபாடு 0.01 மட்டுமே.

கேமரா பக்கத்து பயனட்டை (திருப்பிப் பூட்டும் காதுகள் உள்ள வளையத்தை) லேத்தில் கேட்காதீர்கள். மலிவான அடாப்டர் ஒன்றின் வளையத்தைக் கழற்றித் திருகிக்கொள்ளலாம். அதன் தடிமனையும் சேர்த்துத்தான் 27.40.

கறுப்பு அனோடைசிங்கில் (அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் வளர்க்கும் ஆக்சைடு பூச்சில்) பூச்சின் ஏறக்குறையப் பாதி வெளியே வளரும். 10 மைக்ரான் பூச்சு, மரையின் பிட்ச் விட்டத்தில் (மரை மேடும் பள்ளமும் சம அகலமாகும் இடத்து விட்டத்தில்) சுமார் 20 மைக்ரானைத் தின்றுவிடும். மரையைக் கொஞ்சம் தளர்வாக வெட்டச் சொல்லுங்கள். உட்சுவர் அனோடைஸ் செய்த பிறகும் சாய்வொளியில் மின்னும். நெருக்கமான வரிப்பள்ளம் போட்டு, மேலே மேட் கறுப்பு அடித்தால்தான் படத்தில் வெளுப்பு வராது.

பிளேட் அவ்வளவு திருப்தியில்லை. எச்.இ.30 ரக அலுமினியம், 45 டிகிரி சாய்வு, 38 மி.மீ. அகலம் எல்லாம் சரி. கிளாம்புக்குக் கிளாம்பு அளவு மாறும் என்பதால் உங்களுடையதையும் எடுத்துப் போங்கள். கோளாறு டேப்பில், அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியில். 1/4 அங்குல மரைக்கு பி.எஸ்.டபிள்யூ. (பழைய பிரிட்டிஷ் மரைத் தரம்) டேப் போட்டுவிட்டார்கள். அதிலும் அங்குலத்துக்கு 20 மரைதான், ஆனால் கோணம் 55 டிகிரி. ட்ரைபாட் திருகோ 60 டிகிரி யு.என்.சி., அதாவது அமெரிக்க மரைத் தரம். ஏறும், இறுகும், முழுதாகப் படியாமல் பாரத்தில் தளரும். கேட்டதும் மறுபேச்சில்லாமல் துளையைப் பெரிதாக்கி, யு.என்.சி. மரையுள்ள ஸ்டீல் புஷ் (துளைக்குள் பொருத்தும் உருளை) வைத்துக் கொடுத்தார்கள். விளிம்புப் பிசிரை மட்டும் நாமே அரம் போட வேண்டியிருந்தது.

அடாப்டர் வேண்டுமானால் தயங்காமல் கொடுக்கலாம். கேட்கும்போதே இரண்டாகக் கேளுங்கள். கூலியில் பெரும்பங்கு செட்டிங்குக்கே போகிறது, இரண்டாவது டியூபுக்கு அந்த மாண்ட்ரலே போதும்.