கருத்த நிறத்துக்கு எந்தக் கலர் எடுக்கும்? பல வருடம் காட்டன் சேலை உடுத்தியபின்

கருத்த நிறத்துக்கு அடர்ந்த நிறங்கள்தான் எடுப்பாக இருக்கும். அரக்கு, மயில் கழுத்து, கடுகு மஞ்சள், எம்.எஸ். புளூ (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்கும் நீலம்), பாட்டில் பச்சை. துணிக்கடைகளில் காலங்காலமாகச் சொல்லிவருவது இதற்கு நேர் எதிர். "அக்கா, உங்க கலருக்கு லைட்டா எடுங்க, அப்பத்தான் முகம் தெளிவா தெரியும்" என்று சொல்லி வெளிர் ரோஸ், சந்தனம், பீச் எல்லாவற்றையும் விரித்துப் போடுவார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். எங்கள் சித்தி என் கையில் கருநீலத்தைப் பார்த்தாலே "இது உனக்கு எடுக்காதுடி" என்பார். அவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தினமும் உடுத்திப் பார்த்ததில் அது சரியில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்க வேலைக்குக் காட்டன் சேலைதான். சுங்குடி, கண்டாங்கி, நெகமம், கோ-ஆப்டெக்ஸில் எடுத்த சாதாரணக் கைத்தறி என்று எல்லாம் கலந்து பல வருடமாக ஓடுகிறது. கல்யாணத்துக்கு எடுக்கும் பட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கட்டி மாலை ஐந்து வரை வெயிலிலும் வியர்வையிலும் நிற்க வேண்டிய சேலையைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் நிறம். ஒரு நிறம் பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்துத்தான் கண்ணுக்குத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலான் நெசவாலையில் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், அங்கே போடும் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அந்தக் கறுப்பு எடுபடவில்லை. 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். நம் முகத்துக்கும் அதே கணக்குதான். வெளிர் பீச் முந்தானையைக் கழுத்தோரம் போட்டால் அந்த வெளிர்ப்புக்குப் பக்கத்தில் தோல் இன்னும் இருண்டு, களைத்துப்போனதுபோல் தெரிகிறது. அதே இடத்தில் அரக்கைப் போட்டால் துணி பின்னால் போய் முகம் முன்னால் வருகிறது. இன்னொன்றும் உண்டு: துணியில் பட்ட வெளிச்சம் திரும்பித் தாடைக்கடியில் விழும். கடுகு மஞ்சள் கட்டிய அன்று கன்னத்தில் ஒரு வெதுவெதுப்பு தெரியும். எலிக் கலரும் பாசி படிந்த மாதிரியான பச்சையும் கட்டினால் "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.

வெளிர் நிறமே கூடாது என்று சொல்லவில்லை. பளிச்சென்ற சுத்த வெள்ளை கருத்த நிறத்துக்கு மிக நன்றாக இருக்கும், அதில் சிவப்போ கறுப்போ கரை ஓடினால் இன்னும் நன்று. எடுபடாதது நடுவில் நிற்கும் சாயம் குறைந்த நிறங்கள்தான். சந்தனம், பிஸ்கட், சாம்பல் கலந்த ரோஸ் போன்றவை தோலோடும் சேராது, தோலிலிருந்து விலகியும் நிற்காது. மாநிறக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு. வெங்காயத்தோல் நிறம் அவர்களுக்கு அருமையாகப் பொருந்தும். கையில் ஓடும் நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை நம் தோலுக்குப் பெரிதாக உதவுவதில்லை, பாதிப் பேருக்கு நரம்பே சரியாகத் தெரியாது.

கடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தோளில் போட்டுப் பாருங்கள். கடை விளக்கின் வெளிச்சத்தில் எல்லா நிறக் கதிரும் சம அளவில் இருப்பதில்லை, அதனால் உள்ளே கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே இருக்கும், அரக்கும் மெரூனும் அப்படித்தான். வாசலில் வந்து நின்றால் அரக்கில் ஒரு பழுப்பு ஓடுவதும் மெரூனில் ஊதா எட்டிப்பார்ப்பதும் தெளிவாகத் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தினமும் கட்டப்போவது நாம்.

சேலையைவிட ரவிக்கைதான் முக்கியம் என்பேன். முகத்துக்கு மிக அருகில் நாள் முழுக்க இருப்பது அதுதான். எனக்குப் பிடித்த வெளிர் சேலைகளை ஒதுக்காமல் இன்னும் கட்ட முடிவது இதனால்தான்: அரக்கு ரவிக்கையைப் போட்டு, முந்தானையின் அடர்ந்த கரை கழுத்துப் பக்கம் வருமாறு மடித்துக் குத்திவிட்டால் போதும். அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, இந்த நான்கு நிறத்தில் டூ பை டூ ரூபியா துணி எடுத்து நல்ல அளவில் தைத்து வைத்துக்கொண்டால் பீரோவில் இருக்கும் முக்கால்வாசிச் சேலைக்கு ஆகிவிடும். போர்டில் எழுதக் கை தூக்கும்போது அக்குள் வியர்வை தெரியாத நிறம் என்றால் கறுப்பும் அரக்கும்தான். சாம்பலிலும் வெளிர் நீலத்திலும் முதல் பீரியட் முடிவதற்குள் வட்டம் விழுந்துவிடும்.

என்னிடம் இருப்பதிலேயே அதிகம் உழைத்தது ஒரு காரைக்குடிக் கண்டாங்கி. கடுகு மஞ்சள் உடல், அதில் கறுப்புக் கட்டம், செங்கல் சிவப்பில் நான்கு விரல் கரை. வாங்கிய புதிதில் துணி விறைப்பாக இருந்தது, கொசுவம் வைத்தால் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். சில சலவைக்குப் பிறகு இளகி உடம்போடு விழ ஆரம்பித்தது. மஞ்சள் இப்போது ஒரு சுற்று குறைந்து பழைய பித்தளை நிறத்துக்கு வந்திருக்கிறது, கரையில் சிவப்பு அப்படியே இருக்கிறது. எழுதி முடித்துச் சாக்பீஸ் கையை இடுப்போரம் துடைத்துக்கொள்வது எல்லா ஆசிரியைகளுக்கும் உள்ள பழக்கம். கருநீலத்தில் அந்த வெள்ளைக் கைத்தடம் மாலை வரை இருக்கும், இந்தக் கட்டத்தில் தேடினாலும் தெரியாது. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு அந்தப் பெயரில் விசைத்தறித் துணியும் நிறைய வருகிறது. பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சுங்குடிக்கு 2005-லேயே அந்தக் குறியீடு வந்துவிட்டது. சௌராஷ்டிரர் வீடுகளில் துணியைக் கிள்ளி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் பழைய வேலை இப்போது அரிது. மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான் பெரும்பாலும் கிடைக்கும். கையால் முடிந்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். ஸ்கிரீன் அச்சில் துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெளுத்திருக்கும். மதுரை வெயிலுக்குச் சுங்குடியை மிஞ்ச ஒன்றுமில்லை, உடுத்தியதே தெரியாது. குறை என்னவென்றால் மெல்லிசு, உள்பாவாடை நிறம் பொருந்தவில்லையென்றால் சேலையின் நிறமே மாறித் தெரியும். அப்புறம், சீக்கிரம் கசங்கும்.

உயரம் குறைந்தவர்களுக்குக் கரை மூன்று விரலுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. அகலக் கரை ஆசைப்பட்டால் உடலும் கரையும் ஒரே குடும்ப நிறத்தில் இருக்கட்டும், அரக்கு உடலுக்கு மெரூன் கரை மாதிரி. வெட்டித் தெரியும் நிறத்தில் அகலக் கரை வந்தால் ஆளை இரண்டாகப் பிரித்துக் காட்டும். பெரிய கட்டத்தைவிடச் சின்னக் கட்டம் நல்லது. நெகமம் சேலைகளில் இந்த அளவெல்லாம் வசதியாகக் கிடைக்கிறது.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. முதல் இரண்டு மூன்று சலவை தனியாகப் பச்சைத் தண்ணீரில், ஊறப்போடாமல். இழையோடு ஒட்டாத சாயம் அதில் போய்விடும், அதற்குப் பிறகு நன்றாக நிற்கும். நிழலில், உள்புறம் வெளியே வருமாறு காயப்போட வேண்டும். மொட்டைமாடி வெயிலில் கறுப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். வடித்த கஞ்சி போட்டால் சாயம் சற்று அடர்ந்து தெரியும், ஆனால் அதைப் போட்டு மாதக்கணக்கில் மடித்து வைக்கக் கூடாது, மடிப்பில் இழை விட்டுப்போகும், பூச்சியும் வரும். ஃபால்ஸ் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது சுருங்கிக் கொசுவத்தின் அடியைச் சுருட்டிவிடும்.

தீபாவளிச் சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி வரும். வேலைக்குக் கட்டும் சேலைகளை நான் அப்போதுதான் சேர்த்து எடுக்கிறேன். இந்த முறை மயில் கழுத்தில் அரக்குக் கரை, அடுத்து நாவல்பழ நிறத்தில் கரையே இல்லாத ஒன்று. சித்தியையும் கூட்டிப்போகப் போகிறேன், அவரும் என் நிறம்தான். இதுவரை வெளிர் ரோஸைத் தவிர வேறு எதையும் தோளில் போட்டுப் பார்த்ததில்லை.