பரமட்டா ஜெர்சி: இந்த ஆண்டினதா, முதற்குடியினர் சுற்றினதா, எண்பதுகளினதா?

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கும் எங்களுக்கு ரக்பி லீக் என்றால் பரமட்டா ஈல்ஸ் (விலாங்குகள்) கழகம்தான். நானும் என் மகளும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே ஆட்டங்களுக்குப் போகிறோம். மார்ச்சில் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் என் பழைய ஜெர்சியின் தோள் தையல் விட்டுப்போனதால், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. என் முன்னே மூன்று வகைகள் இருந்தன. ஒன்று, வீரர்கள் இந்தப் பருவத்தில் அணியும் வழக்கமான ஜெர்சி. இரண்டாவது, அவுஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களைப் போற்றி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முதற்குடியினர் சுற்றுக்காக வரையப்படும் சிறப்பு ஜெர்சி. மூன்றாவது, எண்பதுகளின் அமைப்பில் பருத்தியில் தைத்து விற்கப்படும் மரபு ஜெர்சி. நான் வாங்கியது மூன்றாவதை. என் சாய்வு அந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

நிறத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றிலும் நீலமும் பொன்னும் உண்டு. பெரியவர்களுக்கான அளவில் எதை எடுத்தாலும் 150 டாலரை ஒட்டியோ தாண்டியோதான் கொடுக்க வேண்டியிருக்கும். வீரர்களின் ஜெர்சி உடலோடு ஒட்டித் தைக்கப்படுவதால், என் வயதுக்காரர்கள் ஆதரவாளர்களுக்கான தளர்ந்த வெட்டையே கேட்டு வாங்குவது நல்லது. இவை கடைக்குள் கால் வைத்ததுமே தெரியும் விடயங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த உடுப்பு எப்படி இருக்கும் என்பது மட்டும் கடையில் தெரியாது. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் மேல் இருக்கும் அனுசரணையாளரின் இலச்சினைதான் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

இலச்சினை இரண்டு விதமாக மூப்படைகிறது. முதலாவது, துணியின் மேல். இன்றைய ஜெர்சிகள் பாலியெஸ்டரால் ஆனவை. அவற்றில் எழுத்தையும் படத்தையும் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே முறையில் சாயத்தை ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் ஆவியாக்கி இழைக்குள்ளேயே புகுத்துவது ஒரு வழி. இப்படி ஏறிய சாயம் துணியின் பகுதியாகவே ஆகிவிடுவதால் உரிவதில்லை; விரலால் தடவினால் எழுத்து இருக்கும் இடமே தெரியாது. மற்றது, பிளாஸ்டிக் போன்ற மெல்லிய தகட்டில் வெட்டிய எழுத்தைச் சூடாக்கி அழுத்தி ஒட்டுவது. பசை இருக்கும்வரைதான் அதன் ஆயுள். விரலால் தடவும்போது எழுத்தின் விளிம்பு தட்டுப்பட்டால் அது ஒட்டிய எழுத்து என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை நான் தெரிந்துகொண்டது என் தங்கை மகனின் ஜெர்சியால். அது வேறொரு கழகத்துடையது; எந்தக் கழகம், யார் தைத்தது என்பது இங்கே வேண்டியதில்லை. ஒரு மழைக்கால விடுமுறையில் அவன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, மற்ற உடுப்புகளோடு சேர்த்து அதையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டேன். வெளியே எடுத்தபோது மார்பிலிருந்த பெயரின் முதல் எழுத்து மூலையிலிருந்து சுருண்டு நின்றது. பசைப்பக்கத்தில் காலுறையின் பஞ்சு அப்பியிருந்தது. சமையலறைத் தாளை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தேன். ஒட்டியது, ஆனால் அடுத்த இரண்டு சலவையில் அந்த எழுத்தே வெடித்துத் துண்டு துண்டாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெயில்படாத துணி கருநீலமாகவும் சுற்றியுள்ள துணி வெளிறியும் இருந்ததால், எழுத்து போன பிறகும் அதை வாசிக்க முடிந்தது. உலர்த்தும் இயந்திரத்தில் போட்டது என் பிழை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் ஒரு சிறுவன் அணியும் உடுப்பு அந்த அளவையாவது தாங்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மூப்பு பொருளில் நேர்வது. அதற்கு எந்தச் சலவை முறையும் மருந்தாகாது. சிட்னிப் போட்டியில் மார்பில் ஒரு நிறுவனத்தின் பெயரை முதன்முதலில் தாங்கியது கிழக்குப் புறநகர் அணி, 1976இல். அது சிட்டி ஃபோர்ட் என்ற கார் விற்பனை நிறுவனத்தின் பெயர். அதன் பிறகு மார்பு, முதுகின் மேற்புறம், கைகள், கழுத்தெலும்பின் அடி என்று ஒவ்வோர் இடமாக விற்கப்பட்டு, இன்று வழக்கமான ஜெர்சியில் கழகத்தின் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. நிறுவனம் மாறியதும் நேற்று வாங்கிய ஜெர்சி பழையதாகிவிடுகிறது. மைதானத்தின் பெயரே அப்படித்தான்: 2019இல் பேங்க்வெஸ்ட் மைதானமாகத் திறக்கப்பட்ட பரமட்டாவின் புது மைதானம், சில ஆண்டுகளிலேயே கொம்பேங்க் மைதானமாகிவிட்டது.

பழையதாவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சில பெயர்கள் பின்னாளில் வேறு அர்த்தத்தையே பெற்றுவிடுகின்றன. 1982 முதல் 1995 வரை இந்தப் போட்டிக்கே வின்ஃபீல்ட் கோப்பை என்று ஒரு சிகரெட்டின் பெயர்தான் இருந்தது. புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 1992இல் வந்த பிறகே அது முடிவுக்கு வந்தது. பரமட்டாவின் கதை இதைவிட நெருக்கமானது. எண்பதுகளில் இக்கழகத்துக்கு அனுசரணை வழங்கியது ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம். அதன் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை இருந்தது கமீலியாவில், பரமட்டா நகருக்கு அருகிலேயே. அன்று அது ஊருக்கு வேலை கொடுத்த நிறுவனம். மேற்குச் சிட்னியின் ஃபைப்ரோ, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் சிமெந்து, வீடுகளுக்குத் தகடு கொடுத்த நிறுவனம். பின்னர் அந்தத் தூசியால் நோயுற்றவர்களின் இழப்பீட்டுக்காக நாடே பார்க்க நடந்த போராட்டத்தின் முகமாக இருந்த பெர்னி பேன்டன், அதே கமீலியாவில் வேலை செய்தவர். 2007 நவம்பரில் அவர் இறந்தார். அவுஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2003ஆம் ஆண்டின் இறுதியில்தான். எண்பதுகளில் அந்தப் பெயரை மார்பில் சுமந்த சிறுவர்களுள் எத்தனை பேரின் தந்தையர் அந்த ஆலையில் வேலை பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, விளம்பரத்தை உடுப்பாக அணிவது அற்பமான விடயமாக எனக்குத் தோன்றவில்லை.

மரபு ஜெர்சியை நான் தேர்ந்ததற்கு இதுவே முதற்காரணம். எனக்குக் கிடைத்ததில் மார்பு வெறுமையாக இருக்கிறது. இடது பக்கத்தில் கழகச் சின்னம் நூலால் பின்னப்பட்டிருக்கிறது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் முடிச்சுகள் தெரியும். உரிந்துபோக எதுவும் இல்லை, காலாவதியாக எதுவும் இல்லை. பருத்தியில் பதங்கமாதல் அச்சு பிடிக்காது என்பதால், இத்தகைய ஜெர்சியில் வண்ணப் பட்டைகள் நெய்தோ தைத்தோதான் வர வேண்டும்; அதனாலேயே வேலைப்பாடு எளிமையாகவும் உறுதியாகவும் அமைந்துவிடுகிறது.

அந்த அமைப்பு நினைவூட்டும் காலமும் அப்படிப்பட்டது. 1947இல் போட்டிக்குள் நுழைந்த கழகம் முதல் கோப்பைக்கு 1981 வரை காத்திருந்தது. அந்த வெற்றியிரவில் ஆதரவாளர்கள் பழைய கம்பர்லண்ட் மைதானத்தின் பார்வையாளர் மண்டபத்தையே எரித்துவிட்டார்கள். தொடர்ந்து 1982, 1983, பிறகு 1986. அந்தக் கடைசி வெற்றியின் இறுதியாட்டத்தில் கேன்டர்பரிக்கு எதிராக 4-2. பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்துப் புள்ளி பெறும் டிரை இரு பக்கத்திலும் ஒன்றுகூட இல்லை. மிக் குரோனின் உதைத்த இரண்டு தண்டனை உதைகளே கோப்பையைக் கொண்டுவந்தன. அவருக்கும் சக வீரர் ரே பிரைஸுக்கும் அதுவே கடைசி ஆட்டம். 2001, 2009, 2022 என்று மூன்று இறுதியாட்டங்களுக்குப் போயும் அதன் பிறகு கோப்பை வரவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தது அந்த நான்கு வெற்றிகளுக்கும் பிறகு. ஆனால் மைதானத்தில் முன்வரிசையில் இருக்கும் முதியவர்கள் என் ஜெர்சியைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பேச்சைத் தொடங்குகிறார்கள். வழக்கமான ஜெர்சியை அணிந்து போன ஆண்டுகளில் அப்படி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை.

முதற்குடியினர் சுற்று ஜெர்சியை நான் இரண்டாம் இடத்தில் வைத்தாலும், தயக்கத்தோடுதான் வைக்கிறேன். பரமட்டா என்ற பெயரே இங்கு வாழ்ந்த தாருக் மக்களின் பரமட்டகல் குலத்தோடு சேர்ந்தது. விலாங்குகள் தங்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தமிழில் விலாங்கு என்றால் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்ற பழமொழிதான் நினைவுக்கு வரும். இங்கே அதுவே ஊரின் பெயர், கழகத்தின் பெயர், ஆற்றின் உயிர். என் மகள் சென்ற ஆண்டு வாங்கிய ஜெர்சியில் ஆற்றின் வளைவுகள் தோளிலிருந்து இடுப்புவரை ஓடுகின்றன. அவற்றின் மேல் அனுசரணையாளரின் பெயர் ஒற்றை நிறத்தில் அடங்கி நிற்கிறது. ஓவியமும் எழுத்தும் பதங்கமாதல் முறையில் ஏறியவை என்பதால் உரியும் என்ற பயம் இல்லை. அவளிடம் அது வந்து ஓராண்டே ஆவதால், இந்த ஊர் வெயிலில் நான்கைந்து கோடைகளுக்குப் பிறகு அந்த நுண்ணிய கோடுகள் தெளிவாக இருக்குமா என்று என்னால் உறுதி கூற முடியாது. வியர்வை வாடையைப் பாலியெஸ்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை மட்டும் இப்போதே சொல்ல முடியும். வரைந்த கலைஞர் யார், ஓவியம் எதைச் சொல்கிறது என்று வாசித்து அறியாமல் இந்த ஜெர்சியை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. அவள் வாசித்தாள், ஆகவே அவளுக்கு அது பொருத்தமான தெரிவு.

நினைவு ஜெர்சிகளில், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளை ஒட்டி வருபவையும் உண்டு. ஏப்ரல் 25இன் கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பொப்பி மலருக்குப் பக்கத்திலேயே ஒரு வணிகப் பெயரும் அச்சிடப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை என்பதால் அந்த வகையை நான் பரிசீலிக்கவே இல்லை. ஒரு சிறப்பு ஜெர்சி எவ்வளவு பாரத்தைச் சுமக்கக்கூடும் என்பதை 2022 ஜூலையில் மேன்லி கழகம் காட்டியது. பாலினச் சிறுபான்மையினரை வரவேற்கும் வானவில் நிறங்களோடு வந்த ஜெர்சியை அணிய, மத, பண்பாட்டுக் காரணங்களால் ஏழு வீரர்கள் மறுத்து, சிட்னி ரூஸ்டர்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்திலிருந்து விலகினார்கள். வடிவமைப்பு முடிந்து, துணி தைக்கப்பட்ட பிறகு வீரர்களிடம் பேசுவது காலம் கடந்த பேச்சு.

மரபு ஜெர்சிக்கும் குறைகள் உண்டு. பருத்தி கனமானது. மார்ச் மாதத்தின் பகல் ஆட்டங்களில் அது உடலோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்தால் வீடு வந்து சேரும்வரை காயாது. காலரின் உட்பக்கம் விரைவில் பழுப்பாகும். அதற்கு வாஷிங் சோப்பைத் தேய்த்து அரை மணி நேரம் ஊறவைப்பதுதான் வழி. முதல் இரண்டு சலவைகளில் நீலம் கசிந்து பொன்னிறப் பட்டையில் ஏறக்கூடும் என்பதால், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுகிறேன். விளையாடவோ ஓடவோ அணிவதென்றால் இது வேண்டாம். வழக்கமான ஜெர்சியே போதும், அதிலும் எழுத்து தட்டுப்படாததைத் தடவிப் பார்த்து எடுங்கள்.

அளவில் ஒரு எச்சரிக்கை. என் ஜெர்சி மூன்றாவது சலவைக்குள் உயரத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. அகலம் அவ்வளவாகக் குறையவில்லை. உயரமானவர்கள் வழக்கமாக எடுக்கும் அளவைவிட ஒன்று கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.